1915: விலையேற்றத்தின் அச்சமும் வீதியோரக் கடையும்

 

 

மனிதனை அநியாயத்தின் பக்கம் இழுத்துச் செல்லும் காரணங்களுள் கோபத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியிருக்கிறோம். பேராசையைப் பற்றியும் பேசியிருக்கிறோம். அச்சத்தைப் பற்றி நாம் பேசியது குறைவு. நாளை நமது நிலை என்னாகுமோ, நமது பிழைப்பு யாருடைய கைக்குப் போய்விடுமோ, நமது பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாதோ என்ற அச்சம் ஒரு சமுதாயத்தைப் பற்றிக்கொண்டால், நேற்று வரை நல்லவர்களாக இருந்தோரும் இன்று கல்லெடுக்கத் துணிந்துவிடுகின்றனர். வறுமையைக் காட்டி அச்சுறுத்துவது ஷைத்தானின் வழி என்றும், அந்த அச்சத்தின் ஊடாகவே அவன் மனிதனைத் தீய செயலுக்கு ஏவுகிறான் என்றும் சூறா அல்பகறா நமக்கு உணர்த்துகின்றது. அச்சத்தையும் அநியாயத்தையும் அடுத்தடுத்து வைத்து அல்குர்ஆன் எச்சரிப்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கதாகும்.

இந்த எச்சரிக்கைக்கு நமது நாட்டு வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1915ஆம் ஆண்டுக் கலவரம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். "அன்று நம்மை அடித்தார்கள், நமது கடைகளை எரித்தார்கள்" என்ற இரண்டு வரிகளோடு அந்தக் கதை நமது வீடுகளில் முடிந்துவிடுவதுண்டு. அந்த இரண்டு வரிகளும் உண்மையே. ஆயினும், ஏன் நடந்தது என்பதையும் அறிந்தால்தான் வரலாறு நமக்குப் பாடமாகும். அதை அறியாதவரை அது மனப்புண்ணாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

அன்றைய இலங்கை

முதலில் அன்றைய நாட்டை உங்கள் மனக்கண் முன் நிறுத்திக்கொள்ளுங்கள். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாகி நூறு ஆண்டுகள் நிறைவெய்திய காலம் அது. அந்த நூறு ஆண்டுகளில் நாட்டின் பொருளாதாரம் தலைகீழாக மாறியிருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும் 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும் உறுதிப்பத்திரம் இல்லாத நிலங்களை அரசாங்கம் தன்னுடையதாக்கிக்கொள்ள வழி செய்தன. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர்ச்செய்கைக்கும், விறகுக்கும், மாடு மேய்ப்பதற்கும் கிராமத்தார் பயன்படுத்திய காடுகள் பெருந்தோட்டங்களாயின. முதலில் கோப்பி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின்னர் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் அந்த இடத்தைப் பிடித்தன. தென்னையிலும் காரீயச் சுரங்கங்களிலும் செல்வம் சேர்த்த உள்நாட்டுக் குடும்பங்கள் சிலவும் தலையெடுத்தன.

தோட்டத்துரைமார் செல்வந்தராயினர். ஏற்றுமதி வணிகர் செல்வந்தராயினர். சாதாரணக் கிராமத்தானோ, தன் வயல் விளைச்சல் வீட்டுக்குப் போதாமல், பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்திறங்கும் அரிசியைக் காசு கொடுத்து வாங்கி உண்பவனாக மாறினான். முன்பு அவனுடைய பசியை வானத்து மழை தீர்மானித்தது. இப்போது கடல் கடந்த சந்தையும் தீர்மானிக்கத் தொடங்கியது.

இதனை யாரிடம் போய் முறையிடுவது? 1911ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெற்ற தேர்தலில் "படித்த இலங்கையர்" சார்பாகச் சட்டநிரூபண சபைக்கு ஒரே ஓர் உறுப்பினரே தெரிவு செய்யப்பட்டார். அவருக்கு வாக்களிக்கும் தகுதி பெற்றிருந்தோர் முழு நாட்டிலும் ஏறத்தாழ 3000 பேர் மாத்திரமே. சாதாரணக் கிராமத்தாருக்கு வாக்கு இல்லை. தங்கள் வாழ்வை மாற்றியமைத்த முடிவுகள் எங்கே, எவரால் எடுக்கப்படுகின்றன என்பதைக் காண்பதற்கு அவர்களிடம் ஒரு சாளரமும் இருக்கவில்லை.

கடைத்தெருவில் தெரிந்த முகம்

ஆனால், ஒரு முகம் மட்டும் நாள்தோறும் அவர்களுக்குத் தெரிந்தது. அது கிராமத்துச் சந்தியில் கடை வைத்திருந்தவரின் முகம்.

அந்தக் கடைக்காரர்களுள் பலர் "கரையோரச் சோனகர்" என அழைக்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்களாவர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கரையோர ஊர்களிலிருந்து வந்து, நாட்டின் உட்பகுதிகள் வரை சென்று சில்லறை வணிகம் செய்தனர். குறைந்த செலவில் வாழ்ந்து, கடைக்குள்ளேயே உறங்கி, சேமித்ததை ஊருக்கு அனுப்புவது அவர்களுள் பலரது வழக்கம். இந்நாட்டிலேயே நூற்றாண்டுகளாக வேரூன்றி வாழ்ந்த இலங்கைச் சோனகர் இவர்களிலிருந்து வேறுபட்டவர்கள். எனினும், மார்க்கத்தாலும் மொழியாலும் வணிகத்தாலும் இரு சாராரும் ஒன்றாகவே மற்றவர் கண்களுக்குத் தோன்றினர்.

அரிசி, உப்பு, மிளகாய், கருவாடு, துணி அனைத்தும் அந்தக் கடையிலேதான். காசில்லாதபோது கடன் கிடைத்ததும் அங்கேதான். ஆகவே விலை உயர்ந்தால் அதை அறிவிக்கும் வாய் கடைக்காரருடையது. கடன் பெருகினால் அதை எழுதிவைத்திருக்கும் கணக்குப் புத்தகமும் அவருடையது. அதே காலத்தில் கீழ்நாட்டுச் சிங்கள வணிகர்களும் கடைத்தெருவில் கால்பதிக்க முயன்றுகொண்டிருந்தனர். தமக்கு முன்னரே அங்கு இடம்பிடித்திருந்தோர் அவர்களுக்குப் போட்டியாளராகத் தோன்றினர். மதமறுமலர்ச்சிக்காக உழைத்த சிங்களத் தலைவர்கள் சிலரது எழுத்துகளும், முஸ்லிம் வணிகரை மண்ணின் மைந்தருடைய செல்வத்தை உறிஞ்ச வந்த அந்நியராகச் சித்திரித்தன. அநகாரிக தர்மபாலவின் எழுத்துகள் இதற்கு வெளிப்படையான சான்றாகும்.

1914 ஆகஸ்ட் மாதத்தில் உலக யுத்தம் மூண்டது. கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டது. காரீய ஏற்றுமதி விழுந்து, சுரங்கத் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியது. நகரங்களிலே கூலி ஏறாமல் சாமான் விலை மட்டும் ஏறியது. பேரரசுகள் ஐரோப்பாவில் மோதிக்கொண்டதன் விளைவை, ஒரு கொத்து அரிசி வாங்க வந்த ஏழைத் தாய் இங்கே கடைவாசலில் அனுபவித்தாள். அவளுக்குப் பேரரசுகளைத் தெரியாது. கடைக்காரரைத் தெரியும்.

கம்பளையில் தொடங்கிய வழக்கு

இத்தகைய நெருக்கடியோடு மார்க்கம் சார்ந்த பிணக்கு ஒன்றும் வந்து சேர்ந்தது. கம்பளையில் வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா செல்லும் வீதியில், கரையோரச் சோனகரின் பள்ளிவாசல் ஒன்று அமைந்திருந்தது. பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளவாத்தியம் நிறுத்தப்பட வேண்டும் என்று அவர்கள் கோரினர். 1912இல் அரசாங்க அதிபர் அதற்கிணங்க ஊர்வலத்திற்குக் கட்டுப்பாடு விதித்தார். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடர்ந்தார். 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தம் பௌத்த சமயத்திற்கு அளித்த பாதுகாப்பை முன்வைத்து, 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

சட்டத்தின் பார்வையில் ஒரு சாரார் வென்றனர். ஆனால், தமது சொந்த மண்ணில், தமது பழைய வழக்கம் அந்நிய ஆட்சியின் நீதிமன்றத்தால் பறிக்கப்பட்டுவிட்டது என்ற உணர்வு மறு சாராரிடம் ஆழமாகப் பதிந்தது. நிலம் போயிற்று, பிழைப்பு போயிற்று, இப்போது வழிபாட்டு உரிமையும் போயிற்று என்று அவர்கள் எண்ணலாயினர். இளைஞர்களே, அந்த எண்ணத்தில் நியாயம் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை நீங்கள் நிதானமாக ஆராயுங்கள். ஆனால் அச்சம் அவ்வாறு ஆராயக் காத்திருப்பதில்லை.

மே 28ஆம் திகதி இரவு

1915 மே 28ஆம் திகதி வெசாக் தினம். அன்றிரவு கண்டி நகரில் பக்திப் பாடல் குழுவொன்று, காஸல் ஹில் வீதியிலிருந்த பள்ளிவாசலின் அருகே வந்தது. பொலிஸார் குழுவை வேறு வழியாகத் திருப்பிவிட்டனர். அவ்வேளையில் பள்ளிவாசலின் பக்கம் நின்றிருந்தோர் கூச்சலிட்டுக் கேலி செய்தனர் என்று பதிவுகள் கூறுகின்றன. திரும்பிச் சென்ற கூட்டம் மீண்டும் வந்தது. கற்கள் பறந்தன. பள்ளிவாசலும் அருகிலிருந்த கடைகளும் தாக்கப்பட்டன.

அந்தக் கேலிக் கூச்சலை நான் இங்கு மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சட்டம் நம் பக்கம் இருந்த ஓர் இரவில் நாவை அடக்காதவர்கள் நம்மிலும் இருந்தார்கள். அந்தக் கேலி பின்னர் நடந்த கொடுமைகளை ஒருபோதும் நியாயப்படுத்தாது. ஆயினும், அண்டை வீட்டாரின் மனம் புண்பட்டிருக்கும் வேளையில் ஏளனம் செய்வது ஒரு முஃமினுக்குரிய பண்பன்று என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கலவரம் கண்டியோடு நிற்கவில்லை. புனிதத் தலங்கள் தாக்கப்பட்டுவிட்டன, முஸ்லிம்கள் திரண்டு வருகிறார்கள் என்ற வதந்திகள் புகையிரதப் பாதைகளின் வழியே ஊரூராகப் பரவின. சில நாள்களுக்குள் கொழும்பும் மேல், மத்திய, தென், வடமேல், சப்ரகமுவ மாகாணங்களின் பல ஊர்களும் தீப்பற்றின. கொழும்பில் புகையிரதத் தொழிற்சாலை ஊழியர்களும் கலவரத்தில் இறங்கினர். அவர்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1912இல், கூலிக்காக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களாவர். கூலி கொடுத்த முதலாளியை நோக்கி அன்று நின்றவர்கள், இன்று தம்மைப் போலவே நாள்முழுதும் உழைத்துப் பிழைத்த கடைக்காரரை நோக்கித் திரும்பினர்.

நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும் வீடுகளும் கொள்ளையிடப்பட்டன. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதப்படுத்தப்பட்டன. முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டனர். பெண்களின் மானம் பறிக்கப்பட்டது. கரையோரச் சோனகர் மீதே கோபம் என்று சொல்லப்பட்டபோதிலும், தாக்கியவர்கள் இலங்கைச் சோனகரையும் விட்டுவைக்கவில்லை. தொப்பியைக் கண்ட கண்கள் அவர் எந்தக் கரையில் பிறந்தவர் என்று விசாரிக்கவில்லை.

கொள்ளையிடப்பட்ட அரிசி எத்தனை நாள்களுக்குப் போதுமாயிருந்திருக்கும்? எரிக்கப்பட்ட கணக்குப் புத்தகம் யாருடைய நிலத்தை மீட்டுக்கொடுத்தது? யுத்தம் 1918 வரை தொடர்ந்தது. கப்பல்கள் அதற்காகப் பெருகவில்லை. ஏழையின் அச்சத்திற்கு எது காரணமோ, அது எட்டாத தூரத்தில் அப்படியே இருந்தது. எரிந்தது அண்டைவீட்டாரின் கடையே.

ஆட்சியாளரைப் பற்றிய அச்சம்

அன்பர்களே, அச்சம் ஏழைகளிடம் மட்டும் இருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். ஆட்சியாளரிடமும் அது இருந்தது. யுத்த காலத்தில், தமது பேரரசுக்கு எதிரான சதியொன்று இதற்குப் பின்னால் இருப்பதாகத் தேசாதிபதி சேர் ரொபர்ட் சாமர்ஸின் அரசாங்கம் சந்தேகித்தது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. கலவரம் சில நாள்களில் அடங்கிய பின்னரும் அந்தச் சட்டம் ஆகஸ்ட் 30 வரை நீடித்தது. மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபட்ட சிங்களத் தலைவர்கள் பலர் சிறையிலடைக்கப்பட்டனர். பின்னாளில் நாட்டின் முதற் பிரதமரான டீ. எஸ். சேனாநாயக்கவும் அவர்களுள் ஒருவர். விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டோரும் உண்டு. கொழும்பு நகரக் காவற்படையில் அதிகாரியாக இருந்த ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். நட்டஈட்டுக்கென இயற்றப்பட்ட சட்டம், குற்றமிழைத்தவர், இழைக்காதவர் என்ற வேறுபாடின்றிக் கலவரம் நடந்த பகுதிகளின் சிங்களவர் மீது கூட்டாகப் பணச்சுமையை ஏற்றியது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் இவற்றைக் கண்டித்து, 1916இல் நூலும் வெளியிட்டார். ஈ. டபிள்யூ. பெரேரா ஆதாரங்களைச் சுமந்து லண்டன் சென்று நியாயம் கேட்டார். அவர்கள் பேசியது சிங்களவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி. கடையிழந்து, குடும்பத்தை இழந்து நின்ற முஸ்லிம்களின் துயரம் அந்த வாதங்களின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது. முஸ்லிம்களுக்குச் சிங்களவர் மீது மனக்கசப்பு. சிங்களவருக்கு முஸ்லிம்களாலேயே இந்தத் தண்டனை என்ற மனக்கசப்பு. இரு சாராரின் நிலத்திற்கும் வாழ்வுக்கும் விலைபேசிய ஆட்சிமுறையோ அதன் பின்னரும் முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்நாட்டில் நீடித்தது.

முகம் மாறியது, அச்சம் மாறவில்லை

"முஸ்லிம்கள் என்பதனாலேயே நாம் தாக்கப்பட்டோம்" என்று நீங்கள் கூறலாம். அதிலும் உண்மையுண்டு. ஆனால், அடுத்து நடந்ததையும் பாருங்கள்.

1920களில் கொழும்புத் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டியவர் ஏ. ஈ. குணசிங்க. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தில் பல்வேறு இனத்துத் தொழிலாளர்கள் அவர் பின்னே அணிவகுத்தனர். பின்னர் 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இலங்கையையும் தாக்கியது. தேயிலை, இறப்பர், தேங்காய் அனைத்தும் விலை வீழ்ந்தன. வேலை அருகியது. அப்போது அதே தலைவர், மலையாளத் தொழிலாளர்களே சிங்களவரின் வேலையைப் பறிக்கின்றனர் என்று பிரசாரம் செய்யத் தொடங்கினார். கேரளத்திலிருந்து வந்து கொழும்பில் உழைத்த அந்த மக்கள், அவர்களுள் இந்துக்களும் இருந்தனர், வெறுப்புக்கு ஆளாயினர். ஆயிரக்கணக்கானோர் நாடு திரும்பினர்.

1915இல் கடைக்காரர். 1930களில் கூலியாள். முகம் மாறியது. நியூயோர்க்கில் விழுந்த பங்குச் சந்தையைக் கொழும்புத் தொழிலாளி கண்டதில்லை. தன் அருகில் நின்று வேலை செய்த மலையாளத்தானைக் கண்டான். ஏற்றத்தாழ்வு மிகுந்த காலத்தில், தனக்கு மேலே எட்டாத உயரத்தில் இருப்பவனைக் கேட்க இயலாத அச்சம், பக்கத்தில் எட்டும் தூரத்தில் இருப்பவனைப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் இந்த வரலாறு முழுவதும் நமக்குக் காட்டும் பாடம்.

நமது காலத்திலும் 2014 ஜூனில் அளுத்கமையிலும், 2018 மார்ச்சில் திகணையிலும், 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் நமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஆயினும், முஸ்லிம்கள் வணிகத்தையும் நாட்டையும் கைப்பற்றப்போகிறார்கள் என்ற பேச்சு அவை அனைத்திற்கும் முன்னால் பரப்பப்பட்டிருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அதே அச்சம், புதிய கருவிகளின் ஊடாகப் பரவியது.

இதற்கு மாறான ஓர் அனுபவமும் நமக்குண்டு. 2022இல் நாடு பெரும் பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் எல்லா இனத்தவரும் ஒரே வரிசையில் நின்றனர். 1915ஐவிடக் கடுமையான விலையேற்றம் அது. எனினும் அந்த வரிசைகள் ஒருவரையொருவர் தாக்கவில்லை. அவ்வருட ரமழானில் காலிமுகத்திடலில் முஸ்லிம்கள் நோன்பு திறந்தபோது, வேற்று மதத்தவர் அருகிலிருந்து பகிர்ந்துகொண்டனர். மக்கள் தமது துன்பத்தின் காரணத்தை அண்டைவீட்டில் தேடாமல், நாட்டை நடத்தியோரிடம் கேட்டனர். அச்சம் எப்போதும் வழிதவறித்தான் ஆக வேண்டும் என்ற விதியில்லை என்பதற்கு இது சான்று.

மதீனாவின் பஞ்ச காலம்

பஞ்சமும் விலையேற்றமும் நமது முன்னோர்களுக்கும் வந்தன. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் விலை உயர்ந்தபோது, விலையைக் கட்டுப்படுத்துமாறு மக்கள் கோரினர். பிறரது உயிருக்கோ பொருளுக்கோ அநீதியிழைத்தவராகத் தாம் அல்லாஹ்வைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்ததாக ஹதீஸ்கள் அறிவிக்கின்றன. அதே நபியவர்கள்தான் உணவுப் பொருளைப் பதுக்குகிறவன் பாவி என்றும் எச்சரித்தார்கள். வாங்குபவரின் அச்சத்திற்காக வணிகரின் உரிமை மிதிக்கப்படவில்லை. வணிகரின் இலாபத்திற்காக வாங்குபவரின் பசியும் புறக்கணிக்கப்படவில்லை.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வறட்சியால் பூமி சாம்பல் நிறமானது. அதனால் அது "சாம்பல் ஆண்டு" எனப் பெயர் பெற்றது. பாலைவனத்து மக்கள் கூட்டங்கூட்டமாக மதீனாவுக்கு வந்தனர். வந்தவர்கள் நமது உணவைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சம் நகரத்தாருக்கு எழுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் என்ன செய்தார்கள்? வந்தவர்களுக்குச் சமைத்து வழங்க ஏற்பாடு செய்தார்கள். ஷாம் தேசத்திலிருந்து உணவு வரவழைத்தார்கள். மக்களின் கஷ்டம் நீங்கும்வரை நெய்யைத் தொடுவதில்லை என உறுதி பூண்டு, ஒலிவ் எண்ணெயோடு ரொட்டியை உண்டார்கள். அவர்களது மேனியின் நிறமே மாறிவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆட்சியாளரும் தம்மோடு சேர்ந்து பசித்திருக்கிறார் என்பதைக் கண்ட மக்கள், அடுத்தவரின் தட்டைச் சந்தேகிக்கவில்லை.

உணவு குறைந்தபோது எல்லோரிடமுமிருந்ததை ஒரே துணியில் கொட்டி, ஒரே அளவையால் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ கோத்திரத்தாரை நபி (ஸல்) அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று பாராட்டினார்கள். இல்லாமையின் அச்சத்திற்கு மார்க்கம் காட்டும் மருந்து பகிர்தலாகும்.

நாம் செய்ய வேண்டியவை

வணிகம் செய்யும் பெற்றோர்களே! நமது கடை இருக்கும் ஊரில், நமது கடையே நமது மார்க்கத்தின் முகம். அளவில் குறைத்தல், கலப்படம், பதுக்கல், ஏழையின் கடனை வைத்து அவனது நிலத்தில் கண்வைத்தல் ஆகிய குற்றச்சாட்டுகள் 1915க்கு முன்னரும் வணிகர்கள் மீது சுமத்தப்பட்டன. அவையனைத்தும் உண்மையென்று ஏற்கத் தேவையில்லை. அனைத்தும் பொய்யென்று தள்ளுவதும் நேர்மையன்று. அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடுண்டு என எச்சரிக்க ஒரு தனிச் சூறாவையே அல்லாஹ் இறக்கியிருக்கிறான். சாமான் தட்டுப்பாடு வரும் நாளில் பழைய விலைக்கு வாங்கிய மூட்டையைப் புதிய விலைக்கு விற்பதற்காக ஒளித்துவைக்காதீர்கள். கடனாளி சிரமத்திலிருந்தால் தவணை கொடுங்கள். ஸக்காத்தை முறையாகக் கொடுப்பதோடு, மாற்று மதத்து ஏழை அயலவருக்கும் ஸதகாவின் வாசலைத் திறந்துவையுங்கள். இவை தாக்குதலுக்குப் பயந்து செய்ய வேண்டிய காரியங்களல்ல. இவை நமது மார்க்கக் கடமைகள்.

இளைஞர்களே! 1915இல் புகையிரதப் பாதை வழியே சென்ற வதந்தி, இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசியின் வழியே செல்கிறது. செய்தி கொண்டுவருபவனை விசாரியுங்கள், இல்லையேல் அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடுவீர்கள் என்பது சூறா அல்ஹுஜுறாத் தரும் பாடம். நம்மைப் பற்றிய பொய்யைக் கண்டு கொதிக்கும் நாம், பிறரைப் பற்றிய செய்தியை விசாரியாமல் அனுப்புவது எந்த வகையில் நியாயம்?

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். நம்மிடமும் அச்சமுண்டு. நமது ஊரில் வேற்றவர் காணி வாங்கினால் அச்சம். நமது கடைக்கு எதிரே பெரிய அங்காடி திறந்தால் அச்சம். வெளியூர்த் தொழிலாளி குறைந்த கூலிக்கு வந்தால் அச்சம். நமது பெண்பிள்ளைகள் படித்து வேலைக்குச் சென்றால் அச்சம். இந்த அச்சங்களுள் சிலவற்றிற்குக் காரணம் இருக்கலாம். ஆனால், அச்சத்தைக் கொண்டு ஒருவரைத் தீர்ப்பதற்கு முன் உங்களையே கேளுங்கள்: எனது கஷ்டத்திற்கு இவர்தான் காரணமா? அல்லது எனது கைக்கு எட்டியவர் இவர் என்பதனால் இவரைப் பிடித்துக்கொண்டேனா? ஒரு கூட்டத்தார் மீதான வெறுப்பும்கூட உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது சூறா அல்மாஇதாவின் கட்டளை. அநீதியைச் சுமந்த சமுதாயத்திற்கு அநீதி செய்யும் உரிமை கிடைத்துவிடுவதில்லை.

பெற்றோர்களே! 1915ஐப் பற்றி உங்கள் பிள்ளை கேட்டால் முழுவதையும் சொல்லுங்கள். கடைகள் எரிக்கப்பட்டதைச் சொல்லுங்கள். கண்டி வீதியில் எழுந்த கேலியையும் சொல்லுங்கள். நிலமிழந்த கிராமத்தானின் பசியைச் சொல்லுங்கள். குற்றமற்ற சிங்களவர் தண்டிக்கப்பட்டதையும் சொல்லுங்கள். அப்போதுதான் அந்தப் பிள்ளை, நாளை விலையேறும் ஒரு காலத்தில், அடுத்த கடையின் கதவைப் பார்க்காமல் சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ளும்.

யா அல்லாஹ்! வறுமையின் அச்சத்திலிருந்தும், அந்த அச்சம் இழுத்துச்செல்லும் அநியாயத்திலிருந்தும் எங்களைப் பாதுகாப்பாயாக! எங்கள் அளவைகளில் நேர்மையையும், எங்கள் நாவுகளில் அடக்கத்தையும், அயலவரோடு நல்லுறவையும் தருவாயாக! இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் பசியின்றியும் அச்சமின்றியும் வாழும் பாக்கியத்தை அருள்வாயாக! ஆமீன்.